அளந்தவரும் அறிந்தவரும்

தமிழில் பயண இலக்கியம் என்றவுடன் ஏ. கே. செட்டியார் அவர்களின் பெயர் நினைவுக்கு வராத வாசகர் இரார். கண்டு மகிழ்வதற்கென்றே நாடு சுற்றி, கண்டதைப் பிறர்க்குச் சொல்வதற்கென்றே எழுதியவர் அவர். இவ்வாறு தம் விருப்பத்தால் சென்றவர்கள் ஒரு சாரார். ஆணை பெற்றுச் சென்றவர்கள் மற்றொரு சாரார். பின்னவருள் பெரும்பாலோர் படைத்துறையினர். 1802ஆம் ஆண்டில் பரங்கிமலைக்கு அருகில் அடித்தளக் கோடு அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக வகுக்கும் பெரும்பணியைத் தொடங்கிய லாம்டன் ஒரு படைத்தலைவர். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாகி, ஓலைச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தேடிக் குவித்த மெக்கன்சியும் அத்தகையவரே. இவர்கள் எழுதியவை அறிக்கைகள். அரசாங்கத்திற்காக எழுதப்பட்டு, அரசாங்கத்தின் அலமாரிகளில் அடங்கியவை. வரலாற்று ஆசிரியனுக்கு அவை பொன். இலக்கியம் தேடிச் செல்பவனுக்கு அங்கே கிடைப்பது அரிது.

அறிக்கை எழுதப் புறப்பட்ட படைவீரர் ஒருவர் இலக்கியத்தில் வந்து சேர்ந்த கதையை ஈண்டு ஆராயக் கருதுகின்றோம். அவர் ருசிய நாட்டினரான விளாதிமிர் அர்சேனியெவ். அவருடைய நூலின் பெயர் 'டெர்சு உசாலா'. ருசிய மொழி அறியாத நாம் ஆங்கிலத்தின் வழியாகவே இந்நூலைப் பயின்றோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். நடையைப் பற்றி நாம் சொல்வனவற்றை அந்த அளவுக்குத் தள்ளியே கொள்ளுதல் வேண்டும்.

ஆசியக் கண்டத்தின் கிழக்கு ஓரத்தில், உசூரி ஆற்றுக்கும் ஜப்பான் கடலுக்கும் இடையே சிஹோட்டே-அலின் என்னும் மலைத்தொடர் கிடக்கின்றது. சைபீரியக் குளிரும் வங்கப் புலியினும் தடித்த மயிருடைய புலியும் ஒரே காட்டில் வாழும் நிலம் அது. 1860ஆம் ஆண்டின் பீக்கிங் உடன்படிக்கையால் அது ருசியப் பேரரசின் கைக்கு வந்தது. கைக்கு வந்ததேயன்றிக் கண்ணுக்கு வரவில்லை. மலைத்தொடரின் உட்பகுதி நிலப்படத்தில் நெடுநாள் வெற்றிடமாகவே இருந்தது. 1872இல் பிறந்த அர்சேனியெவ், 1900இல் விளாதிவஸ்தோக்குக்குப் படையதிகாரியாக வந்து சேர்ந்தார். 1904-05இல் ஜப்பானிடம் ருசியா தோற்றது. அதன்பின் அந்தக் கடற்கரையும் அதற்குப் பின்னுள்ள மலையும் வெற்றிடமாக இருப்பதை அரசு பொறுக்கவில்லை. அப்பகுதியின் தலைமை ஆளுநரான உந்தர்பெர்கரின் ஆணைப்படி 1906, 1907, 1908-10 ஆகிய ஆண்டுகளில் அர்சேனியெவ் படைவீரர் சிலருடன் மலைகளை ஊடறுத்துச் சென்றார். கணவாய்களை அளந்தார், ஆறுகளின் போக்கை வரைந்தார், குடிகளைக் கணக்கெடுத்தார்.

இப்பயணங்களிலிருந்து 1921இல் 'உசூரி நாட்டின் ஊடே' என்ற நூலும், 1923இல் 'டெர்சு உசாலா'வும் வெளிவந்தன. இரண்டையும் ஒன்றாகக் கொண்டு படிப்பதே முறை. முதல் நூலில் அறிமுகமாகும் மனிதர் இரண்டாம் நூலில் மறைகின்றார்.

கோப்புகளோடு நாள் கழிக்கும் நம்மனையோர்க்கு இந்நூலின் தொடக்கப் பக்கங்கள் மிகவும் பழகிய முகம் காட்டும். நாள், புறப்பட்ட நேரம், நடந்த தொலைவு, வானிலை, கணவாயின் உயரம், மண்ணின் தன்மை, மரங்களின் பெயர் என்று வரிசை தவறாமல் வருகின்றன. அலுவல் முறையில் வெளியூர் சென்று வந்தவர் மேலதிகாரிக்கு எழுதும் பயணக் குறிப்பு இப்படித்தான் இருக்கும். இலக்கியச் சுவை நாடுவோர் பலர் இங்கே நூலை மூடிவிடுவர். நாமும் முதன்முறை மூடியவர்களே. ஆனால் அந்த வரிசை இல்லையேல் அதன்பின் வருவது நம்மைத் தொடாது. எண்களையே நம்பும் ஒருவர் எண்களால் காப்பாற்றப்படாத இடத்துக்கு வந்து சேர்வதுதான் இந்நூலின் பொருள்.

இரவு. காட்டில் தீ மூட்டிப் படைவீரர்கள் அமர்ந்திருக்கின்றனர். இருளில் சலசலப்பு. கரடியோ என்று துப்பாக்கியைத் தூக்குகின்றனர். சுட வேண்டாம், மனிதன்தான் வருகிறான் என்று ஒரு குரல் கேட்கிறது. தோலாடையும் பழைய துப்பாக்கியும் முதுகில் மூட்டையுமாக ஒரு வேட்டுவர் வந்து தீயருகில் அமர்கின்றார். அவர்தாம் டெர்சு உசாலா. அந்நாளில் 'கோல்டு' என்றும் இன்று 'நானாய்' என்றும் அழைக்கப்படும் சிறுகுடியைச் சேர்ந்தவர். மனைவியையும் மக்களையும் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர். வீடு இல்லை. காடே வீடு.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் முதல் படியில் அர்சேனியெவை 'அவர்' என்றும் டெர்சுவை 'அவன்' என்றும் நம் பேனா தானாகவே எழுதிச் சென்றது. டெர்சு ஐம்பதைக் கடந்தவர். அர்சேனியெவோ நூலின்படி அப்போது முப்பது வயதினர். சீருடைக்கு மதிப்பும் தோலாடைக்கு ஒருமையும் வழங்கப் பழகிய கை நம்முடையது. நூல் முழுவதையும் இரண்டாம் முறை படித்த பின்னரே திருத்தினோம். இத்திருத்தத்தைச் செய்விப்பது அர்சேனியெவின் எழுத்தே. அவர் டெர்சுவைப் புகழ்வதில்லை. டெர்சுவிடம் தாம் தோற்ற இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கின்றார்.

வழியில் கிடக்கும் சுவடொன்றைக் கண்டு அதில் போனவர் யார், எத்தனை நாளைக்கு முன் போனார் என்று டெர்சு சொல்கின்றார். அதே வழியில் வந்த அதிகாரிக்கோ அங்கே சுவடு இருப்பதே தெரியவில்லை. பாழடைந்த குடிசையொன்றை அவர்கள் கடக்கும்போது டெர்சு நின்று, மரப்பட்டையால் கூரையைச் செப்பனிட்டு, கொஞ்சம் அரிசி, உப்பு, தீக்குச்சி ஆகியவற்றைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு வருகின்றார். மீண்டும் இவ்வழி வரப்போகிறீரா என்று அதிகாரி கேட்கின்றார். இல்லை. வேறு எவரேனும் வரக்கூடும், பசியோடு வந்தால் பிழைப்பார், அவ்வளவே. எஞ்சிய இறைச்சித் துண்டை அர்சேனியெவ் நெருப்பில் எறியும்போது டெர்சு பதறி எடுத்து வெளியே வீசுகின்றார். நாம் போன பின் இங்கே 'ஆட்கள்' வந்து உண்பார்கள் என்கின்றார். காக்கையும் எலியும் எறும்பும் அவருடைய மொழியில் ஆட்கள்தாம். ஞாயிறும் நெருப்பும் நீரும்கூட ஆட்களே. இதனை ஆதிவாசியின் மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் ஒதுக்குவது எளிது. தாம் கற்ற அறிவியலுக்கு இது ஒவ்வாது என்று அறிந்தும் அர்சேனியெவ் ஒதுக்கவில்லை. குடிசைச் செய்தியை அவர் சொல்லும் இடத்தில், தம் படைவீரரோ தாமோ ஒருபோதும் இவ்வாறு செய்ய நினைத்ததில்லை என்னும் நாணம் சொல்லாமலே விளங்குகின்றது.

நூலின் உச்சம் ஹங்கா ஏரிக் கரையில் நிகழ்கின்றது. லெபு ஆறு ஏரியில் கலக்கும் சதுப்புநிலத்தை ஆராய அர்சேனியெவும் டெர்சுவும் சிறு தோணியில் போகின்றனர். மாலையில் காற்று மாறுகின்றது. நாற்புறமும் நாணல், மரமென்று ஒன்றும் இல்லை, திரும்பும் வழி தெரியவில்லை, பனிப்புயல் தொடங்குகின்றது. அதிகாரியின் கருவிகள் அனைத்தும் இருக்குமிடத்தைச் சொல்லலாம். உயிரைக் காக்க அவற்றால் ஆகாது. டெர்சு சொல்வது ஒன்றே: புல்லை அறு. விரைந்து அறு. கை மரத்துப் போகும்வரை இருவரும் அறுக்கின்றனர். அர்சேனியெவ் தளர்ந்து விழுகின்றார். டெர்சு அவரைக் கூடாரத் துணியால் போர்த்தி, அதன்மேல் புல்லைக் குவித்துக் கட்டித் தாமும் உள்ளே புகுகின்றார். மறுநாள் பனிக்குள்ளிருந்து இருவரும் உயிரோடு எழுகின்றனர். இக்காட்சியில் உவமை இல்லை. உணர்ச்சிச் சொல் இல்லை. புல், கயிறு, காற்று, குளிர் என்ற பொருட்பெயர்களே நடத்திச் செல்கின்றன. அறிக்கை எழுதிப் பழகிய கை இங்கே கைகொடுக்கின்றது. தேர்ந்த நாவலாசிரியர் எழுதியிருந்தால் இக்காட்சி இத்தனை நடுக்கம் தந்திருக்குமா என்பது ஐயமே.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1975இல் சோவியத் நாட்டில் எடுத்து, சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற படத்தை நம் வாசகர் சிலர் திரைப்படச் சங்கக் காட்சிகளில் கண்டிருக்கக் கூடும். நாமும் அவ்வாறே கண்டோம். அதில் டெர்சு அந்தப் புல்வீட்டை நில அளவைக் கருவியின் முக்காலியை நட்டு அதன்மேல் எழுப்புகின்றார். நூலில் முக்காலி இல்லை. அளக்க வந்த கருவி உயிர்காக்கும் கழியாக மாறுவது இயக்குநரின் கற்பனை. நூலாசிரியர் சொல்லாமல் விட்டதை ஒரே காட்சியில் சொல்லிவிட்ட கற்பனை. மூலத்துக்கு மாறுபட்டும் மூலத்தின் உள்ளத்தை அறிந்த மாற்றம் இது.

இனி, நூலைப் போற்றுவோர் பெரும்பாலும் பேசாமல் விடும் செய்திக்கு வருவோம். நூலின்படி அர்சேனியெவும் டெர்சுவும் முதன்முதல் சந்தித்தது 1902ஆம் ஆண்டில். ஹங்கா ஏரி நிகழ்ச்சியும் அவ்வாண்டினதே. அர்சேனியெவின் நாட்குறிப்புகளோ டெர்சுவை முதலில் கண்டது 1906 ஆகஸ்டில் என்று காட்டுகின்றன. டெர்சு இறந்தது 1908 மார்ச்சில். ஆக, ஆறாண்டு நட்பென்று நாம் படித்து உருகியது உண்மையில் இருபது மாதமும் நிரம்பாதது. அதிலும் இருவரும் பிரிந்திருந்த காலம் உண்டு. 1902இல் அவருக்கு வழிகாட்டியவர் எவராயினும் அவர் நூலில் இல்லை. வேறு வழிகாட்டிகள் சிலரின் இயல்புகளையும் சேர்த்தே அர்சேனியெவ் டெர்சுவை வடித்தார் என்று ஆய்வாளர் கருதுவர்.

இதனால் நூல் பொய்யாகிவிடுமோ? நாவலாசிரியர் செய்தால் கலை என்போம். நாளும் நாழிகையும் குறித்து எழுதும் நில அளவைக்காரர் செய்தால் என்னென்பது? நம் கருத்து இது: காலத்தை மாற்றியது குற்றமன்று. பழக்கம் முதிர்ந்தே நட்பு விளையும் என்று வாசகன் எதிர்பார்ப்பான். அந்த எதிர்பார்ப்புக்கு ஆசிரியர் இணங்கினார். ஆனால் பலரை ஒருவராக்கியது சிறிய செயல் அன்று. காட்டில் வழிகாட்டிய பலரின் பெயர்கள் ஒரு பெரும் பெயருக்குள் கரைந்தன. நம் நாட்டிலும் நில அளவைக் கொடிகளைக் குன்றின் உச்சிக்குச் சுமந்து சென்றோர் எத்தனை பேர்? அவர்கள் பெயரை யாரறிவர்? அங்கே எவர் பெயரும் நில்லாமல் போயிற்று. இங்கே ஒருவர் பெயரேனும் நின்றது. ஒன்று நின்றதால் மற்றவை மறைந்தன என்பதையும் அதனோடு சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

நமது ஆற்றுப்படை நூல்களை இங்கே நினையாமல் இருக்க இயலவில்லை. வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்குச் சொல்லும் இலக்கியம் அது. மலைபடுகடாத்தில் வழுக்குப்பாறையும் பாம்புப் புற்றும் காட்டாறும் எங்கெங்கே உள்ளன என்று எச்சரித்துச் செல்வது ஒருவகையில் டெர்சுவின் வேலையே. அங்கே பேசுபவன் வழி அறிந்தவன்; அவன் குரலே பாட்டு. அர்சேனியெவின் நூலிலோ வழி அறிந்தவர் பேசுவதை வழி அறியாதவரே எழுதுகின்றார்.

எழுதுவதும் எவ்வாறு? டெர்சு பேசுவது உடைந்த ருசியம். வினைமுற்று இடறி விழும். வேற்றுமை உருபு தொலையும். அர்சேனியெவ் அதனை அப்படியே பதிவு செய்கின்றார். ஆங்கிலத்திலும் அவ்வாறே வருகின்றது. இது உண்மைக்கு நெருக்கமே என்று வாதிடலாம். ஆயினும் ஒரு தீங்கு விளைகின்றது: காடறிந்த முதியவர் மழலை பேசும் குழந்தையாகத் தோன்றுகின்றார். தம் நானாய் மொழியில் அவர் முழு வாக்கியங்கள் பேசியிருப்பார்; கதை சொல்லியிருப்பார்; கடிந்தும் இருப்பார். அந்த டெர்சுவை நாம் கேட்பதே இல்லை. தாய்மொழி வழங்காத ஊரில் பிழைக்க வந்து, கடையிலும் பேருந்திலும் அரைகுறை இந்தி பேசி, அந்த அரைகுறையைக் கொண்டே அறிவும் அளக்கப்படக் கண்ட நம்மவர்க்கு இக்குறை எளிதில் புலப்படும். ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவர் இங்கே நான்கு சொல்லில் நின்றுவிடுவதை நாம் பார்த்திருக்கின்றோம். நூலின் பெருங்குறை இதுவே என்று கூறத் துணிவோம்.

1928இல் மாக்சிம் கார்க்கி அர்சேனியெவுக்கு எழுதிய கடிதத்தில், விலங்கின நூலாசிரியரான பிரெமையும் அமெரிக்க நாவலாசிரியரான பெனிமோர் கூப்பரையும் ஒருங்கே இணைத்தவர் என்று பாராட்டினார். பிரெமைப் பற்றி நமக்கு மறுப்பில்லை. கூப்பரோடு ஒப்பிடுவது பொருந்துமா என்பதே கேள்வி. கூப்பரின் காட்டு மாந்தர் வீரச் சாவு பெறுவர். காவியத் தலைவர்க்குரிய ஒளி அவர்களைச் சூழும். டெர்சுவின் முடிவில் அத்தகைய ஒளி எதுவும் இல்லை.

1907ஆம் ஆண்டுப் பயணத்தில் டெர்சுவின் கண் மங்குகின்றது. குறி தவறுகின்றது. வேட்டுவர்க்குக் கண் போனால் காட்டில் இடமில்லை. அர்சேனியெவ் அவரைக் கபரோவ்ஸ்க் நகரத்துக்குத் தம் வீட்டுக்கே அழைத்து வருகின்றார். அன்பினால் செய்ததே. அந்த அன்பு ஓர் அறையின் அளவினதாக இருந்தது. நீருக்குக் காசு கொடுப்பதைக் கண்டு டெர்சு சினக்கின்றார்; ஆற்றில் இத்தனை நீர் ஓடும்போது விலை ஏன்? தெருவில் கூடாரம் அடிக்கலாகாது. துப்பாக்கி வெடிக்கலாகாது. விறகுக்காகப் பூங்காவில் மரம் வெட்டியதற்குக் காவலர் பிடித்துச் செல்கின்றனர். இப்பகுதி நகைச்சுவைபோல் எழுதப்பட்டுள்ளது. படிப்பவர்க்கோ சிரிப்பு வருவதில்லை. ஒருநாள் காலை அவர் மலையை நோக்கிப் புறப்பட்டுப் போய்விடுகின்றார். இரு வாரங்களில் தந்தி வருகின்றது. கொர்ஃபொவ்ஸ்கயா ரயில் நிலையத்துக்கு அருகில், தீ மூட்டி உறங்கிய இடத்தில் கொன்றுவிட்டனர். துப்பாக்கி இல்லை. கொன்றவர் எவரென்று தெரியவில்லை. புலி கொல்லாமல் விட்டவரை இருப்புப்பாதை ஓரத்தில் திருடன் கொன்றான்.

குரோசாவாவின் படத்தில் அதிகாரி அன்பளிப்பாகத் தந்த புதிய துப்பாக்கியே சாவுக்குக் காரணமாக அமைகின்றது. படத்துக்கு அது இறுக்கம் தருகின்றது. நூலில் இத்தனை நேரான கணக்கு இல்லை. அதனாலேயே நூல் கூடுதலாக உறுத்துகின்றது. துப்பாக்கியைக் கொடுத்தது பிழை என்றால் கொடாமல் இருந்திருக்கலாம். நிலப்படம் வரைந்தது பிழை என்றால் அர்சேனியெவின் வாழ்வே பிழையாகும்.

அதை அவர் எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. படைத்துறைக்காக உசூரி நாட்டின் இராணுவ நில விவரணம் எழுதியவர் அவரே. 1911 முதல் 1913 வரை, காட்டில் சட்டத்துக்குப் புறம்பாக வாழ்ந்த சீனரை வெளியேற்றும் படைப்பயணங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1914இல் அந்தச் சீனரைப் பற்றித் தனி நூலும் எழுதினார். தம் துயரோடு தனியே வாழும் சீனக் கிழவர் ஒருவரை அத்தனை இரக்கத்தோடு தீட்டிய கை, சீனக் குடிசைகளைக் கணக்கெடுத்த கையும் ஆகும். இரண்டும் ஒருவரிடத்தே இருந்தன. இலக்கிய நூலில் அவர் தம் ஆணைகளைப் பற்றி அடக்கியே பேசுகின்றார். ஒருவேளை அந்த அடக்கத்திற்குப் பின்னேதான் இந்நூல் பிறந்தது.

1910இல் அவர் டெர்சுவின் புதைகுழியைத் தேடிச் செல்கின்றார். அடையாளமாக இரு பெரிய செடார் மரங்கள் நின்றிருந்தன. இப்போது நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பு எழுந்துவிட்டது, கல்லுடைக்கும் குழிகள் தோண்டப்பட்டுவிட்டன, மரங்கள் இல்லை. நாடு முழுவதையும் அளந்தவரால் நண்பர் கிடக்கும் ஆறடி நிலத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை. குரோசாவா இக்காட்சியைப் படத்தின் தொடக்கத்தில் வைத்தார். நூல் முடிவில் வைத்துள்ளது. இவ்விடத்தில் நாம் நூலின் பக்கமே நிற்போம். முதலிலேயே சாவை அறிந்தவன் பின்வருவனவற்றை இரக்கத்தோடு காண்பான். நூலைப் படிப்பவனோ, அர்சேனியெவைப் போலவே, கடைசி வரை ஒன்றும் அறியாதவனாக டெர்சுவின் பின்னே நடந்து வந்து அங்கே நிற்கின்றான்.

அர்சேனியெவ் 1930இல் விளாதிவஸ்தோக்கில் காலமானார். அவருடைய மனைவி மார்கரித்தா 1938இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1952இல் ஒரு நகருக்கு அர்சேனியெவின் பெயர் இடப்பட்டது. 1969இல் உசூரி ஆற்றின் எல்லையில் சோவியத் படைக்கும் சீனப் படைக்கும் மோதல் நேர்ந்தது. அதன் பின்னர் 1972இல் அந்நாட்டுச் சீனப் பெயர்கள் நிலப்படத்திலிருந்து நீக்கப்பட்டன. பனிப்புயலுக்கு அவர்கள் போன லெபு ஆறு இலிஸ்தயா ஆயிற்று. நாட்குறிப்பின்படி இருவரும் உண்மையாகவே சந்தித்த கரையைக் கொண்ட தாதுஷு ஆறு செர்கால்னயா ஆயிற்று. நூலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய படத்தில் அந்த ஆறுகளைத் தேடுபவர்க்கு அவை அகப்படா. அலுவலக நூலகத்தின் பெரிய தேசப்படத் தொகுதியை விரித்து ஒரு மதிய இடைவேளை முழுதும் நாம் தேடியது இவ்வாறுதான் வீணாயிற்று. மலையின் உட்பக்கத்தில் 'டெர்சு' என்றொரு சிற்றூர் உண்டு. அந்தத் தொகுதியில் அதற்குப் புள்ளி வைக்கவில்லை.